ஒரு பாசுக்கு ஒரு ஆள்

டேய், அந்தக் கயாக்கை இன்னும் கொஞ்சம் மேல இழுத்துப் போடுங்கடா. தண்ணி ஏறுது பாரு. ம்... இப்பக் கிட்ட வந்து உக்காருங்க. கோமளா ஏன் வரலைன்னு கேட்டீங்கல்ல? லீவு கெடைக்கலைன்னு அவ சொன்னது பச்சைப் பொய்லா. அவ இந்தச் செர்காம் கடல்ல காலைக்கூட நனைக்க மாட்டா. அவ தாத்தா காளிதாசுக்கு அது இங்கதான் நடந்தது. நாளைக்கு நாம துடுப்புப் போட்டுப் போகப் போறோமே, அதே தண்ணிதான்.

அப்ப ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு. கம்னிஸ்டுக்காரங்க காட்டுல ஒளிஞ்சு வெள்ளைக்காரனோட சண்டை போட்ட காலம். சாயங்காலம் நாலரை மணி... தோட்டத்துலேர்ந்து கடலுக்கு வர்ற செம்மண் ரோடு. ரெண்டு பக்கமும் ரப்பர்ப் பால் மரம். ஒரு ஈ காக்கா இல்ல. காளிதாஸ் மட்டும் தனியா நடந்து வர்றாரு, இருபத்தஞ்சு வயசு ஆளு. இடுப்புல ஒரு மண்பானை, மேல வெள்ளைத் துணி கட்டியிருக்கு. உள்ள அவர் அண்ணன் தம்புசாமியோட சாம்பல்.

தம்புசாமிக்குக் காய்ச்சல்... நாலே நாள்ல போயிட்டாரு. ஒரே பொண்ணு, ஜெயா, நாலு வயசு. அப்பனும் மகளும் எப்பவும் ஒட்டிக்கிட்டே கெடப்பாங்க. வேலை முடிஞ்சு வந்தா மனுசன் கதவைத் தட்ட மாட்டாரு, பால் வாளியத்தான் தட்டுவாரு. டங்... டங்... டங். மூணு தடவ. அந்தப் புள்ள எந்தத் தூக்கத்துல இருந்தாலும் எழுந்து ஓடிப் போயிக் கதவத் தொறக்கும். சாகுறப்பவும் அவர் வாயில வந்தது ஒண்ணுதான். "பாப்பாவ விட்டுட்டு நான் போக மாட்டேன்டா."

அதான் எல்லாருக்கும் பயம். லயத்து வரிசை வீடுகள்ல இருந்த அத்தனை பேரும் காளிதாசுக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. அண்ணி குஞ்சம்மா காலப் பிடிக்காத குறைதான். "தம்பி, கரைச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடுங்க. நீங்க பாத்தீங்க... அவரு கூடவே வந்துருவாரு. எம் புள்ளைய எனக்கு மிச்சம் வைங்க தம்பி."

தொணைக்கு ஒரு ஆளு போயிருக்கலாம்லன்னு கேப்பீங்க. எங்க போறது? தோட்டத்தைச் சுத்தி முள்கம்பி. கேட்டுல துப்பாக்கியோட ஸ்பெஷல் கான்ஸ்டபிள் காவல், எஸ்.சி.ன்னு சொல்வாங்க. வெளிய போகணும்னா ஆபீஸ் கிராணி, அதான் குமாஸ்தா, கையெழுத்துப் போட்ட பாஸ் வேணும். கிராணி மனசு வச்சது ஒரே பாசுக்குத்தான். ஏழு மணிக்குக் கர்ஃபியூ. அதுக்கப்புறம் ரோட்லயோ கடல்லயோ எவன் அசைஞ்சாலும் சுடுவான்.

அன்னைக்கு அவர் வெளிய வர்றப்பக் கேட்டுல நின்னது புதுசா வந்த மலாய்க்காரப் பையன். பாஸைப் பாத்தான், ஆளப் பாத்தான். "சத்து பாஸ், சத்து ஓராங்"ன்னான். ஒரு பாசுக்கு ஒரு ஆளு. அப்புறம் பானைத் துணிய அவிழ்க்கச் சொல்லி, ஒரு குச்சிய உள்ள விட்டுக் கிளறினான். காட்டுல இருக்கறவனுக்கு அரிசி கொண்டு போறாங்களான்னு பாக்கணுமாம். கரக்... கரக்... எலும்பு உரசுற சத்தம். காளிதாஸ் பானையப் பிடுங்கி, துணிய மறுபடி இறுக்கிக் கட்டினாரு.

கடலுக்கு வந்தா தண்ணி வத்திக் கண்ணுக்கெட்டுன தூரம் சேறு. இங்க கொட்டினா இங்கயே கெடக்கும். அண்ணன் ஞாயித்துக்கிழமை நண்டு பிடிக்கப் போற சின்னப் படகு ஒண்ணு இருந்துச்சு. அதச் சேத்துல தள்ளிக்கிட்டுப் போயி, ஏறி உக்காந்து, ரெண்டு துடுப்பையும் வலிச்சுக்கிட்டு புலாவ் பெசார் தீவுக்குப் பாதி தூரம் போனாரு. அங்கேர்ந்து பாத்தா மலாக்கா டவுனு ஒரு கோடு மாதிரித் தெரியும்.

சாம்பலக் கரைச்சாரு. பூவப் போட்டாரு. பானையத் துணியோட தண்ணிக்குள்ள அமுக்கினாரு. குடுகுடுகுடுன்னு தண்ணி ஏறி அது முழுகிப் போச்சு. கண்ண மூடிக்கிட்டே படகோட மூக்கக் கரைப் பக்கம் திருப்பினாரு. துடுப்பப் பிடிச்சு நல்லா உக்காந்தாரு. கண்ணத் தொறந்தாரு.

எதிர்லயே பூ மெதக்குது.

புரியுதாடா உங்களுக்கு? கயாக்ல நாம போற பக்கம் பாத்து உக்காருவோம். அந்தப் படகு அப்படி இல்ல. வலிக்கிறவன் முதுகுதான் போற பக்கம் இருக்கும். மூஞ்சி இருக்கறது, விட்டுட்டு வந்த பக்கம். போறப்பக் கரையப் பாத்துக்கிட்டே போனதால அவருக்குத் தோணவே இல்ல. திரும்பிப் பாக்காதேன்னு சொன்ன அத்தனை பேரும் தோட்டத்து ஜனம். மரம் தெரியும், பால் தெரியும். படகுல எந்தப் பக்கம் பாத்து உக்காருவாங்கன்னு எவனுக்குத் தெரியும்? பாவம், மனுசன் தலையத் திருப்பவே இல்லடா.

மாத்தி உக்காந்து வலிச்சுப் பாத்தாரு. படகு செக்குமாடு கணக்கா அங்கயே சுத்துது. வெயில் எறங்குது. மலாக்கா பக்கம் ரோந்துப் படகு சத்தம் வேற... டப டப டப டப. வேற வழி? பழையபடி உக்காந்து, கண்ண இறுக்க மூடிக்கிட்டு வலிச்சாரு. எவ்வளவு நேரம் மூட முடியும்? கரை தப்பிடக் கூடாதேன்னு லேசாத் தொறந்தாரு.

பூ அதே தூரத்துல.

இன்னும் வேகமா வலிச்சாரு. மறுபடி தொறந்தா... பூவோட அந்தப் பானையும். முழுகிப் போன பானை, நிமிந்து மெதந்துக்கிட்டு வருது. மூணாவது தடவ தொறந்தப்பப் பூவும் இல்ல, பானையும் இல்ல. அப்பாடான்னு மூச்சு விடலாம்னு பாத்தா, படகோட பின்பக்கம் பொதக்குன்னு அமுங்குச்சு. ஆளு ஏறி உக்காந்தா அமுங்குமே, அப்படி. மரத்துல காஞ்ச ரப்பர்ப் பால், அந்த ஒட்டுப்பால் நாத்தம். அண்ணனோட பீடி வாசம். அப்புறம் பலகையில... டொக். டொக். டொக்.

"அண்ணே... வேணாண்ணே"ன்னு காளிதாஸ் வாய் விட்டு அழுதாரு. "பாப்பா சின்னப் புள்ளண்ணே. அத விட்டுடுண்ணே."

திடீர்னு துடுப்பு லேசாயிடுச்சு. இன்னொரு ஜோடிக் கையும் சேந்து வலிக்குது. அரை மணி நேரத்துக் கரை பத்தே நிமிசத்துல வந்து இடிச்சது.

தோட்டத்துக் கேட்டுக்கு வரும்போது ஏழாகப் பத்து நிமிசம். பாஸை நீட்டினாரு. அந்தப் பையன் வாங்கிக்கிட்டான். வாங்கிட்டு அவரப் பாக்கல... அவர் தோளுக்குப் பின்னால பாத்தான்.

"சத்து பாஸ், சத்து ஓராங். கூட யாரு?"

அந்த நேரத்துலயும் மனுசன் யோசிச்சாரு பாரு. நான் உள்ள போனாத்தான என் பின்னால வரும்? நான் போகலன்னா? "நான் வரல"ன்னாரு. "பைத்தியமாலா உனக்கு? சுட்டுருவாங்க!"ன்னு பையன் கத்துறான். அவர் காதுலயே வாங்கல. ரோட்டைத் தாண்டி ஓடி, ஒரு கானுக்குள்ள, அந்தத் தண்ணி ஓடுற பள்ளத்துல, குப்புறப் படுத்துட்டாரு.

ராத்திரி பூரா லைட்டு வெளிச்சம் தலைக்கு மேல போகுது, வருது. கொசு பிச்சுத் திங்குது. இருமல் வந்தா மண்ணக் கடிச்சுக்கிட்டாரு. அண்ணன் பொண்ணுக்காக உசுரக் கையில பிடிச்சுக்கிட்டுக் கெடந்தாரு. ஒண்ணு மட்டும் ஆறுதல்... அந்த ஒட்டுப்பால் நாத்தம் இல்ல. பீடி வாசமும் இல்ல. போயிட்டாருடா அண்ணன்னு நெனச்சு, சேத்துல மொகத்த வச்சுக்கிட்டுச் சந்தோசத்துல அழுதாராம்.

விடிஞ்சு ஆறு மணி. கேட்டு தொறந்தது. அதே பையன். காளிதாஸ் போயிப் பாஸைக் கேட்டாரு.

"பாஸா? அது நேத்தே முடிஞ்சுதே"ன்னான் அவன். "நீ வரலைன்னு சொல்லிட்ட. அதனால அவர உள்ள விட்டேன். சத்து பாஸ், சத்து ஓராங். சரிதானலா?"

காளிதாஸ் ஓடினாரு. லயத்து வீட்டுக் கதவு ஆன்னு தொறந்து கெடக்கு. உள்ள குஞ்சம்மா அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்குறாங்க. வாசப்படியில பாப்பா உக்காந்திருக்கு. தலையெல்லாம் ஈரம், கடல் வாடை. மடியில அந்தப் பானை. மேல வெள்ளைத் துணி, கட்டினது கட்டினபடி.

அவர் வாயத் தொறக்கறதுக்குள்ள அது ஒதட்டுல வெரல வச்சுச்சு.

"மெதுவா, சித்தப்பா... அப்பா இப்பத்தான் தூங்குனாரு."