அக்காவுக்காகப் போட்ட பெல்ட்

இல்லை சார், ஸ்கேல் உதவாது. நூல்தான்.

பழைய டேப் ரெக்கார்டரைத் திறந்தால், உள்ளே சக்கரங்களைச் சுற்றும் ரப்பர் பெல்ட் பெரும்பாலும் உருகி, தார் மாதிரி விரலில் ஒட்டும். முழுசாகக் கிடைத்தாலும் அதை நம்பக் கூடாது, ஓடி ஓடி நீண்டிருக்கும். சக்கரங்களைச் சுற்றி நூலை ஓட்டி, அந்த நீளத்தில் கொஞ்சம் குறைத்துப் புதிதைப் போட வேண்டும். அப்போதுதான் பிடிப்பு இருக்கும். தளர்ந்த பெல்ட் வழுக்கும். நாடா மெதுவாக நகரும், குரல் கனத்துக் கேட்கும். பாட்டுக்காரிக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டது என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன், சிரிப்பார்கள்.

நீங்கள் கேட்டது அக்காவைப் பற்றி. அங்கேதான் வருகிறேன்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். கல்யாணமாகிப் போனாள். புருஷன் விட்டுவிட்டுப் போனதும் பையனோடு என்னிடமே திரும்பி வந்தாள். கீழே என் கடை, மேலே வீடு. பையன் ஓயாத வாயாடி. ஒரு நாள் கண்ணாமூச்சி விளையாட்டுக்கு நடுவில், நான் பழுது பார்த்து வைத்திருந்த மெஷினை அழுத்திவிட்டு, அதில் கத்திப் பதிவு செய்துவிட்டான். “அம்மா, கதவைத் தாழ் போடாதே, நான் வந்துடுவேன்.”

அந்த மழைக்காலத்தில்தான் கைவிட்ட கல்குவாரியில் தேங்கிய தண்ணீரில் வழுக்கி விழுந்தான். அடியில் பாறை இடுக்குகள், ஆழம் யாருக்கும் தெரியாது. எவ்வளவோ தேடியும் உடல் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதை அக்கா வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

நாள் முழுக்க அந்த டேப்தான். கதவைத் தாழ் போடுவதில்லை. சாப்பாடு இல்லை. நானும் வீட்டில் இருக்கிறேன் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. மெஷின் ஓடித் தேய்ந்து ஒரு நாள் நின்றது. வேலை மும்முரத்தில் நூலைத் தேடாமல், பழைய பெல்ட்டையே நீட்டி அளந்து, அதே அளவில் புதிது போட்டேன். தொழில் பழகுகிறவன்கூடச் செய்யாத தப்பு. சாயங்காலம் மேலேயிருந்து கூப்பிட்டாள்.

“டேய், இங்க வா. குரல் உடையுது பாரு.”

“பெல்ட் தளர்ந்திருக்கு அக்கா. மாத்திடறேன்.”

“உன் பெல்ட்டைக் குப்பையில போடு. பெத்தவளுக்குத் தெரியாதா? வளர்றான்டா.”

அன்றைக்கு எனக்கும் போட்டுத் தானும் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். குழம்பு போதுமா என்று என்னைக் கேட்டாள். நான் பெல்ட்டை மாற்றவில்லை. அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, அவ்வப்போது இன்னும் சற்று நீளமானதைப் போட்டேன். குரல் கனத்துக்கொண்டே வந்தது. “நிதானமாப் பேசறான் பாரு, உன்னை மாதிரியா, லொடலொடன்னு” என்பாள். அவனுக்குச் சட்டை தைக்க ஆரம்பித்தாள். “நில்லுடா, இப்ப உன் உயரம் இருப்பான்” என்று என் தோளில் வைத்துப் பார்ப்பாள். நன்றாகவே பொருந்தும். பார்த்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

பிள்ளை பெரியவனாகிவிட்டால் வேறு ஊரில் வேலைக்குப் போனவன் மாதிரி ஆகிவிடுவான், மற்ற அம்மாக்களைப் போல இவளும் குறைப்பட்டுக்கொண்டே பழகிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். நியாயமான கணக்குதான். அவளுக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை.

கடைசியாகப் போட்ட பெல்ட்டுக்கு மேல் தளர்த்த முடியாது, மெஷின் நின்றுவிடும். என்னைவிட மூத்த ஆணின் குரல் வந்தது. கதவைத் தாழ் போடாதே, நான் வந்துடுவேன். குழந்தை சொன்னால் அது விளையாட்டு. அந்தக் குரல் சொன்னால் வாக்கு.

“இவ்வளவு பெரிய ஆளாயிட்டான். இன்னும் ஏன்டா வரலை?”

“கூச்சமா இருக்கும் அக்கா. நீ போய்க் கூப்பிட்டா வருவான்.”

“எங்க போய்?”

“குவாரிக்குத்தான். வேற எங்க?”

நல்ல புடவை கட்டிக்கொண்டாள். தைத்த சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். என் கடை வாசலிலிருந்து குவாரிப் பாதை வளைவு வரைக்கும் தெரியும். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள், என் குரலுக்கு எப்போதும் திரும்புவாள். நான் ஒருவருடைய மெஷினைத் திறந்து வைத்து நூல் ஓட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் அளவு தவறிவிடும்.

அவள் மூழ்கியது விபத்தில்லை, நான்தான் அனுப்பினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு நீச்சல் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். மறுக்கப் போவதில்லை.

ஒன்று மட்டும் சார். புறப்படுவதற்கு முன்னால் அந்த டேப்பில், பையனின் பேச்சு முடிந்த இடத்தில், அவளும் பேசிப் பதிந்திருக்கிறாள். “வரேன் கண்ணு. மாமாவுக்குச் சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்.” தளர்ந்த பெல்ட்டில் பதிந்த குரல். சரியான பெல்ட் போட்டு ஓட்டினால் வேகம் கூடி, சின்னப் பெண் பேசுவது மாதிரி கேட்கும். புருஷனும் பையனும் வருவதற்கு முன்னால் இருந்த அக்கா. அப்போது அவளுக்கு நான் ஒருத்தன்தான் இருந்தேன். மெஷின் உங்கள் ஸ்டேஷன் அலமாரியில்தானே இருக்கிறது? கொஞ்ச நேரம் என் கையில் கொடுங்கள் சார், பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டுத் தந்துவிடுகிறேன்.