கம்போசா மீனும் உளுந்தஞ்சோறும்

— போர்டுல கம்போசாச் சாப்பாடுன்னு எழுதியிருக்கே, அது நெசமா அண்ணாச்சி, இல்ல சீசனுக்கு ஆள் பிடிக்கப் போட்டதா?

— நெசந்தான். நெறைய பேரு படிப்பாக. படிச்சிட்டுச் சிரிப்பாக. அப்புறம் எதுத்த கிளப்புல போயி இட்லி தின்பாக. இந்த வருசம் உள்ள வந்து கேட்டது நீங்க ஒருத்தர்தான். உக்காருங்க தம்பி. அந்தப் பெஞ்சு வேண்டாம், சாரல் அடிக்கும். இங்கன வாங்க. எந்த ஊரு?

— கடையநல்லூரு. ஆதம்னு பேரு.

— நான் தங்கசாமி. இலஞ்சிக்காரன். ஓட்டலுக்கு மொதலாளியும் நான்தான், சமையலும் நான்தான், எச்சி எலை எடுக்கதும் நான்தான். சீசன் முடிஞ்சிட்டுல்லா, வேலைக்கு நின்னவன் பூராவும் ஊரைப் பாக்கப் போயிட்டான். இப்பம் கொரங்குதான் வருது. அதுவும் மரியாதை இல்லாம வருது.

— மத்தது என்னல்லாம் கெடைக்கும்?

— எல்லாத் தேசமும் கெடைக்கும். ஆடியில வந்து பாத்திருக்கணும் நீங்க. எஸ்டேட்டுத் தொரைக்குக் கட்லெட்டு. சண்டைக்குப் பயந்து ரங்கூன்ல இருந்து நடந்தே வந்தவுகளுக்குப் பர்மாச் சேமியா, கவுசே. கொழும்புக்காரவுகளுக்குச் சம்பல். அவுகவுக தின்னுட்டு, அங்கன தின்ன மாதிரியே இருக்குன்னு கண்ணைத் தொடைச்சிக்கிட்டுப் போவாக. கம்போசாவைக் கேக்கத்தான் நாதி இல்ல, பாத்துக்கிடுங்க.

— ஒருத்தர் கூடவா தின்னதில்ல?

— தின்னாரே, திருநெல்வேலி வக்கீலு ஒருத்தரு. ஒரு வாய் வச்சாரு. "என்னவே தங்கசாமி, புள்ளை பெத்தவளுக்குக் கிண்டுத லேகியம் மாதிரில்லா இருக்கு"ன்னுட்டாரு. சித்தரத்தை போடுதம்லா, அந்த வாடை. அதுல இருந்து ஊருக்குள்ள என்ன பேச்சு தெரியுமா? மழைக்காலம் வந்தா பொம்பளையாளு தூக்குச்சட்டியோட வந்து நிக்காக. புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிக்கிட்டு, அந்தக் கம்போசாக் கொழம்பு ரெண்டு கரண்டி ஊத்துங்கன்னு. என் சமையலு கடைசியில கசாயமாப் போச்சு தம்பி.

— சிரிக்கப்படாது. ஆனா சிரிப்பு வருதே.

— சிரிங்க, சிரிங்க. இந்தக் கடையில சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாச்சு.

— சரி, எனக்கு அதையே போடுங்க. கறி மட்டும் வேண்டாம். எங்க ஆளுக அறுத்தது இல்லைன்னா திங்க மாட்டேன்.

— மீனுதான். தென்காசிக் கொளத்து விராலு. தேங்காப்பால்ல மசாலாவைக் கரைச்சு, வாழையெலையைத் தொன்னையா மடிச்சு, அதுல மீனை வச்சு ஆவியில வேகவிடணும். இந்தா, வெந்துக்கிட்டுத்தான் கெடக்கு. தெனம் ஒண்ணு வச்சிருவேன். யாரும் வரலைன்னா சாயங்காலமா நானே தின்னுக்கிடுவேன்.

— தெனமுமா?

— தெனமும். எலுமிச்சம்புல்லு மலையில வெளையுது. சித்தரத்தை நாட்டுமருந்துக் கடையில கெடைக்கி. நாரத்தை எலை இலஞ்சித் தோட்டத்துல. எல்லாம் இங்கனயே இருக்கு. தின்னு பாத்துட்டு, சரியா இருக்கு, சரியா இல்லைன்னு சொல்ல மட்டும் ஆளு இல்ல. வருசம் போவப் போவ எனக்கே சந்தேகமா இருக்கு தம்பி. அந்த ருசி நாக்குல இருக்கா, இல்ல நானா நெனச்சிக்கிடுதனான்னு. ... என்ன, என் மொகத்தையே பாக்குதீக?

— இல்ல... காதுல அந்தக் கடுக்கன். செவப்புக் கல்லு.

— இதுவா? இது நாம்பென்ல போட்டது. கம்போசா தேசத்துப் பெரிய பட்டணம். மீசை அரும்புத வயசுல செட்டியார் கடைக்குச் சமையக்காரனாப் போனேன். ம், எலையை விரிங்க. சூடு, பாத்து. எப்படி இருக்கு?

— நல்லாருக்கு.

— நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்லுவாக. சும்மா சொல்லாதீக.

— நெசமாவே நல்லாருக்கு அண்ணாச்சி. ஆனா... அந்த நாத்த மீனு ஒரு துளி விழுந்திருக்கணும். அடியில அது இல்ல.

— என்னது?

— உப்புப் போட்டு மக்க வச்சு இடிச்ச மீனு. அங்கன எதுல கை வச்சாலும் அதைப் போடுவாகள்லா.

— ஏ அப்பா! நீங்க நாம்பென் போயிருக்கீக! தம்பி, நீங்க நாம்பென் போயிருக்கீக!

— இருந்தேன். ஜவுளி யாவாரம். சண்டை வந்து கப்பல் நின்னு, அங்கனயே மாட்டிக்கிட்டேன். வந்து ஒரு மாசம் ஆவுது.

— அந்த மீனை இங்கன போட்டுப் பாத்தேன் தம்பி. பானையில போட்டு வாயைக் கட்டி வச்சேன். தெருவே தெரண்டு வந்துட்டு, என்னத்தைச் சாவடிச்சு வச்சிருக்கீருன்னு. கொண்டு போயி ஆத்துல கொட்டிட்டேன். அது இல்லைன்னு இந்த ஜில்லாவுல சொன்ன ஒரே ஆளு நீங்கதான்! நான் ஏன் இந்தப் போர்டை எறக்காம வச்சிருக்கேன் தெரியுமா?

— தெரியலை.

— யாவாரத்துக்கு இல்ல. குத்தாலத்துக்கு எந்தத் தேசத்து ஆளும் ஒரு நாள் வருவான். நாம்பென்ல இருந்தவன் ஒருத்தன் வந்தா, அந்த வரியைப் பாத்துட்டு உள்ள நொழையாமப் போவ மாட்டான். அவன்கிட்ட ஒரு வீட்டைப் பத்திக் கேக்கணும். அதுக்குத்தான் போர்டு.

— யாரு வீடு?

— என் வீடு. என் பொஞ்சாதி அங்கன இருக்கா. அந்தத் தேசத்துக்காரி. சொக்கான்னு பேரு. நம்ம சொக்கம்மாள் மாதிரின்னு வச்சுக்கிடுங்க. செட்டியார் கடைக்குக் காய்கறி கொண்டாருவா. எங்க முதலாளியோட அப்பா படம் கடையில மாட்டியிருக்கும், தெனம் மாலை போடுவோம். இவருக்கு மட்டும் ஏன் பூவுன்னு ஒரு நாள் கேட்டா. எனக்கு அப்பம் அவ பாஷை அரையும் கொறையும். எங்க ஊர்ல செத்தவுக படத்துக்குத்தான் மாலைன்னு சொல்லத் தெரியலை. கண்ணை மூடி, நாக்கைத் தள்ளி, கழுத்தைச் சாச்சுக் காட்டுனேன். பிணம் மாதிரி. விழுந்து விழுந்து சிரிச்சா. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான்.

— புள்ளைக?

— ஒண்ணு. பொம்பளைப் புள்ளை. போபா. அவுக பாஷையில பூவு. நான் லெச்சுமின்னு கூப்பிடுவேன், என் அம்மை பேரு. அம்மைக்குச் சாவக் கெடக்குன்னு தந்தி வந்துச்சு. ரெண்டு மாசத்துல திரும்பிருதேன்னு சொல்லிட்டுக் கப்பலேறுனேன். அம்மையை எரிச்ச சாம்பல் ஆறல, சண்டை வந்துட்டு. அப்புறம் எங்க போக?

— ஒரு சேதியும் சொல்லி விடலையா நீங்க?

— கப்பல் நிக்கதுக்கு முந்தி, காரைக்கால்காரர் ஒருத்தர் சைகோன் போனாரு. பிரெஞ்சுக்காரன் ஆளுன்னு அவருக்கு மட்டும் கப்பல்ல எடம் கெடைச்சுது. அங்கன குடுத்தா கை மாறிக் கை மாறிப் போயிரும்னாரு. கடுதாசி எழுதி என்ன செய்ய? அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, செட்டியார் கடையையும் மூடிட்டாக. தென்காசியில போயி ஒரு போட்டோப் பிடிச்சு, கண்ணாடி போட்டு, அதைச் சுத்தி ஒரு வெட்டிவேர் மாலையைப் போட்டுப் பெட்டியில வச்சுக் குடுத்தேன். என் டிரங்குப் பெட்டியில கெடந்த வெட்டிவேரை மோந்து மோந்து பாப்பா அவ. அதான், வாசமும் போவட்டும்னு. மூஞ்சியைப் பாத்தா, ஆளு நல்லாருக்கான், வந்துருவான்னு தெரிஞ்சிக்கிடுவால்லா? ... என்ன தம்பி, எலையில கை வச்சபடி இருக்கீக? முள்ளு தட்டிட்டா?

— அண்ணாச்சி, அந்த வீடு ஆத்தங்கரையிலயா? மரக்கால் மேல நிக்குத வீடு?

— அங்கன எல்லா வீடும் மரக்கால் மேலதான நிக்கி.

— வாசல்ல ஒரு கறிவேப்பிலை மரம்.

— நான் வச்சது! நாம்பென்ல வேற எந்த வீட்டுலயும் கெடையாது! தம்பி, நீங்க பாத்திருக்கீக! அவ உசுரோட இருக்காளா?

— இருக்காக.

— லெச்சுமி?

— இருக்கா. வளந்துட்டா. அம்மா ஒசரம்.

— எம்மா... இருங்க. கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கிடுதேன். ... நீங்க எப்படி அந்த வீட்டுக்கு?

— நான் தெருவுல ஜவுளி மூட்டையோட போயிக்கிட்டிருந்தேன். ஓடி வந்து கூப்பிட்டாக. தமிழாளான்னு கேட்டாக. ஆமான்னேன். உள்ள கூட்டிட்டுப் போயி எலை போட்டாக. என்ன வச்சாகன்னு நெனைக்கீக? உளுந்தஞ்சோறு.

— உளுந்தஞ்சோறா! சும்மா சொல்லாதீக. தோலோட போட்ட உளுந்தா?

— கறுப்பு உளுந்துதான். பூண்டு, வெந்தயம், தேங்காப்பூ. தொட்டுக்கிட எள்ளுத் துவையலு. எங்க உம்மா கையில தின்ன மாதிரி இருந்துச்சு. துவையல்ல மட்டும் கொஞ்சம் புளி தூக்கல்.

— புளி கூடத்தான் போடுவா கழுதை! எத்தனை மட்டம் சொல்லியிருக்கேன்! கேட்டீகளா, நான் இங்கன அவ ஊர்ச் சோத்தை ஆக்கிக்கிட்டு ஆளுக்குக் காத்துக் கெடக்கேன், அவ அங்கன நம்ம ஊர்ச் சோத்தை ஆக்கிட்டு ஆளைத் தேடுதா. எந்த மாசம் அது?

— போன புரட்டாசி. அமாவாசையன்னைக்கு.

— நான் புரட்டாசியில பொறந்தவன்லா! அதை நெனப்பு வச்சிருக்கா பாருங்க! தம்பி, நான் கப்பலுக்குச் சொல்லிட்டேன். இந்த மாசத்தோட கடையை மூடுதேன். அய்ப்பசியில ஏறுதேன். போவலாமா வேண்டாமான்னு மனசு கெடந்து அடிச்சிக்கிட்டு இருந்துச்சு. இத்தனை வருசத்துக்கு அப்புறம் போயி நின்னா கதவைத் தெறப்பாளோ மாட்டாளோன்னு. இனிமே என்ன பயம்?

— போவாதீக அண்ணாச்சி.

— என்னது?

— போவாதீக. அந்த மரம் நீங்க வச்சதுன்னு சொன்னதுல இருந்து சொல்லணும்னு பாக்குதேன். நாக்கு எழும்பலை.

— என்னத்தைச் சொல்லணும்? சொல்லுங்க.

— அன்னைக்கு எனக்குப் பரிமாறுனது ஒரு ஆம்பளை.

— அவ தம்பியா இருக்கும். ஒல்லியா, கன்னத்துல தழும்பு?

— தழும்பு இல்ல. வயசான ஆளு. சாந்தமான மனுசன். போபா அவரை அப்பான்னு கூப்பிட்டுச்சு. அந்தப் பாஷை எனக்குத் தெரியும் அண்ணாச்சி. அப்பான்னுதான் கூப்பிட்டுச்சு. ... அண்ணாச்சி, உக்காருங்க.

— உக்காந்து என்னவே செய்ய! நான் இங்கன தெனம் ஒரு தொன்னை மீனு வச்சு, தெனம் ஒத்தையில தின்னு, ஊர்ல ஒருத்தி முகத்தை ஏறிட்டுப் பாக்காம கெடக்கேன். அவளுக்குக் காத்திருக்க முடியலையாக்கும்? வேற ஒருத்தனை வீட்டுல வச்சிக்கிட்டு, எனக்குப் பிடிச்ச சோத்தை ஆக்கி அவன் கையால ஊருக்குப் போடுதாளோ? கேலியா பண்ணுதா?

— கேலி இல்ல. உங்க மேல உசுரா இருக்கப் போயித்தான் ஆக்குனாக. நீங்க பொறந்த ஊர்ப் பக்கத்து ஆளு ஒருத்தன் அந்தச் சோத்தைத் திங்கணும்னுதான் தெருவுக்கு ஓடி வந்தாக. வருசா வருசம் அந்த அமாவாசைக்கு ஆக்குதாகளாம்.

— உசுரா இருக்கவ எதுக்கு இன்னொருத்தனுக்கு வாக்கப்படுதா? நான் இங்கன குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது! அதுக்குத்தான வே மூஞ்சியப் பிடிச்சு அனுப்புனேன்! அது போயிச் சேரலையா?

— போயிச் சேந்துட்டு அண்ணாச்சி. மொத எலையை எனக்குப் போடலை. செவத்துல இதே கடுக்கனோட உங்க படம், அதுக்கு முன்னால வெளக்கேத்தி அங்கன போட்டாக. படத்து மேல நீங்க அனுப்புன வெட்டிவேர் மாலை கெடந்துச்சு.