சேகரித்தவர் பெயர்

மாலை ஐந்தே முக்கால். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை ஏறும் ரோட்டில் ஒரே ஒரு ஸ்கூட்டி. ஓட்டியவள் மணிமொழி, நம்ம நைனார்பாளையத்துப் பெண். பின்னால் வழிகாட்டி பூமாலை, மலைக்காரர். கதை முடியும்வரை உங்கள் வீட்டு விளக்கு எரியட்டும்... அணைக்காதீர்கள்.

மணிமொழி தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. கல்லூரியில் காய்ந்த செடி ஒட்டிய பழைய தாள்களைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு சீட்டு. இடம், தேதி, சேகரித்தவர் பெயர், அவருடைய எண். ஒருவர் சேகரிக்கும் முதல் செடிக்கு எண் ஒன்று என்றால் அவர் ஆயுள் முழுக்க அந்த வரிசைதான் ஓடும்.

அவள் ஆராயும் ஊதா மலைப்பூவுக்கு நான்கே தாள்கள். நான்கு பேர், நான்கு காலம். ஒருவருக்கு 48, ஒருவருக்கு 711... அவர்கள் யாருடைய அடுத்த எண்ணும் எந்த அலமாரியிலும் இல்லை. விசாரித்துப் பார்த்தாள். நால்வருமே இந்தப் பூவைச் சேகரித்த வாரமே காணாமல் போனவர்கள்.

ஆனால் ஐந்தாவது தாள் இல்லாமல் அவள் ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள். திங்கட்கிழமை கடைசி நாள். மூன்று வருட உழைப்பு. பூவைத் தான் தொடாமல் இருந்தால் போதும் என்று முடிவு கட்டினாள்.

பாறை இடுக்கில் பூ ஆடியது. காற்றே இல்லை. கிட்டே போனால்... கல்லூரி அலமாரியின் அந்துருண்டை வாசனை.

"நீங்களே பறிங்கண்ணா. எனக்கு முட்டி வலி."

"இன்னா மேடம், இந்த வயசுலயே முட்டியா? எங்க மாமியா இன்னும் மரம் ஏறுது!"

'டக்'கென்று தண்டு ஒடிந்தது. செய்தித்தாளை விரித்து அதற்குள் வாங்கிக்கொண்டாள். பென்சிலால் சீட்டு எழுதினாள். 'சேகரித்தவர்: மணிமொழி. எண்: 164.' யார் பறித்தாலும் படித்தவர் பெயர்தான் சீட்டில் ஏறும். அவர்கள் வழக்கம் அது. கை தானாக எழுதிவிட்டது.

பூமாலை பீடி பற்றவைத்தார். "இந்தப் பூவுக்கு வந்த ஆபீசருங்க அத்தினி பேருக்கும் எங்க தாத்தாவும் அப்பாவும்தான் பறிச்சிக் குடுத்தாங்க மேடம். ரெண்டு பேரும் எண்பது தாண்டிதான் போனாங்க."

மணிமொழி கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். அப்படியானால் பறித்த கையை அது தேடவில்லை. சீட்டில் இருக்கிற பெயரைத்தான்...

பின்னால் புதரில் சரக்... சரக்... யாரோ தாள் தாளாகப் புரட்டுகிற சத்தம். கிட்டே வந்தது. இன்னும் கிட்டே...

பென்சில் முனை ரப்பரால் தன் பெயரைப் பரபரவென்று அழித்து எழுதினாள். 'பூமாலை. எண்: 1.'

"இன்னா மேடம் எழுதறீங்க?"

"உங்க பேருண்ணா. நீங்கதானே பறிச்சீங்க."

"என் பேரா! எம் பொண்டாட்டி ஆயம்மாகிட்ட சொன்னா நம்பவே மாட்டா."

சத்தம் நின்றுவிட்டது.

அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது இருட்டியிருந்தது. சிரித்துக்கொண்டே கை ஆட்டினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

விடிந்ததும் போன். பூமாலையின் மனைவி ஆயம்மாள்.

"மேடம், அவரு உங்க கூட வந்தாரா? ராத்திரி பாயில படுத்துக்கினு இருந்தாரு. கதவு உள்தாழ்ப்பா போட்டது போட்டபடி இருக்குது. சட்டையும் வேட்டியும் மட்டும் பாயில கெடக்குது... இஸ்திரி போட்ட மாதிரி, தட்டையா..."

மணிமொழி மேசையில் கிடந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"சட்டைப் பொத்தான் ஒண்ணுகூட கழட்டல மேடம்."