டிஷ்ஷுக்கு உயரம் தேவையில்லை

இலவசமாகப் படம் வருகிற டிஷ்ஷுக்கு உயரம் தேவையில்லை, ஐயா. வானம் தெரிந்தால் போதும். தென்கிழக்குப் பக்கம் மரமோ சுவரோ மறைக்காத இடமாக இருந்தால் தரையில் வைத்தாலும் படம் வரும். இது என் சொந்தக் கருத்து இல்லை, யார் வேண்டுமானாலும் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். என் வீட்டில் இதை நம்ப ஓர் ஆள் இல்லை, அதில்தான் எல்லாம் தொடங்கியது.

வழக்கை முடித்துவிட்டீர்கள் என்று தெரியும். எங்கள் அத்தான் மாடியில் கால் வழுக்கி விழுந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் பொய் எதுவும் கிடையாது. ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது, அதைச் சொல்லத்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்தேன். தண்ணீர் வேண்டாம், இப்போதுதான் குடித்தேன்.

என் பெயர் மகேஸ்வரன். மணிமுத்தாறு அணை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். தண்ணீர் மட்டத்தைப் பார்த்துவிட்டு, ஷட்டர் பக்கத்தில் நிற்கிற ஆளுக்குப் போனில் சொல்வேன். இன்னும் கொஞ்சம் ஏற்று, போதும், இறக்கு. அவர் நான் சொன்னபடி சக்கரத்தைச் சுற்றுவார். மட்டம் அவருக்குத் தெரியாது, நான் சொல்வதுதான் அவருக்கு மட்டம். ஒரு நாளும் அவர் என்னை எதிர்த்துக் கேட்டதில்லை. அப்படி என் பேச்சைக் கேட்டவர்கள் அந்த அலுவலகத்தோடு சரி.

இப்போது கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறேன். வீடு என் மனைவி சங்கரியுடையது, மாமனார் கட்டிக் கொடுத்தது. இறந்துபோன ஆவுடைநாயகம் அத்தான் அவளுடைய அண்ணன். அடுத்த தெருதான். அம்பாசமுத்திரத்து இரும்புக் கடையை மகனிடம் விட்டுவிட்டு, தினமும் காலையில் காப்பிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும், நானும் சொல்வேன். எங்கள் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது அவர். சுவருக்கு என்ன நிறம், பீரோ எந்த மூலையில் என்றெல்லாம் சொன்னது அவர். டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே என் காப்பியில் சீனியை நிறுத்தச் சொன்னவரும் அவர்தான். பிறகு டாக்டரும் அதையே சொன்னார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருந்து தொலைக்கும். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

எங்கள் சுவரில் வயர் இழுத்ததற்காகக் கேபிள்காரரை அத்தான் வாசலில் நிறுத்தி வைத்துத் திட்டினார். மறுநாள் வீட்டில் படம் இல்லை. திட்டியவர் தம் வீட்டில் போய் நிம்மதியாக டிவி பார்த்தார். அப்போதுதான் இந்த ஒரு காரியத்தையாவது நானே முடிவு செய்வதென்று உட்கார்ந்தேன். மாடியில் பழைய ஏரியல் ஒன்று இருந்தது. டிவி கோபுரத்திலிருந்து வந்த ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்களாம், அது காக்கை உட்காரத்தான் ஆகும். மாதாமாதம் பணம் கட்டுகிற டிஷ் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தடவை வாங்கி மாட்டினால் செலவே இல்லாத இலவச டிஷ் போதும் என்று முடிவு செய்தேன். அதிலும் சின்னது வேண்டாம், சாரல் காலத்தில் படம் உடைந்து உடைந்து வரும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஜங்ஷன் கடைத்தெருவுக்குப் போய்ப் பெரியதாகப் பார்த்து வாங்கி வந்தேன். மொட்டை மாடியின் தென்கிழக்கு மூலையில் பைப் நட்டு, சிமெண்ட் போட்டு வைத்தேன். கண்ணாடி போலப் படம் வந்தது. அத்தான் திருச்செந்தூரில் தங்கியிருந்த அந்த ஒரு வாரம் நான் மனிதனாக இருந்தேன்.

வந்தவர் காப்பி டம்ளரோடு மாடிக்குப் போனார்.

"என்னவே மாப்ளே, டிஷ்ஷைத் தரையில கொண்டு வச்சிருக்கீரு? உயரத்துல இருந்தாத்தான இழுக்கும்."

"இது பழைய ஏரியல் இல்லை அத்தான். வானம் தெரிஞ்சா போதும்" என்றேன்.

"உமக்கு இதெல்லாம் பிடிபடாது வே. நீரு அணையில தண்ணி திறந்துவிட்ட ஆளு."

சங்கரி சிரித்தாள். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

நான் மத்தியானம் கண்ணயர்ந்து எழுந்தபோது டிஷ் மாடிப்படி அறையின் தலையில் ஏறியிருந்தது. ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற இடம் அது. பாதியைத் தண்ணீர்த் தொட்டி அடைத்துக்கொண்டிருக்கும். சுற்றிலும் கைப்பிடிச் சுவர் கிடையாது, இரும்பு ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். அவ்வளவு உயரத்தில் ஆடிக் காற்று சும்மா விடுமா? டிஷ்ஷைத் திருப்பிவிட்டுப் போய்விடும். செய்தி பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் வெறும் நீலத் திரை இருக்கும்.

திரும்பின டிஷ்ஷைச் சரி செய்ய மூன்று பேர் வேண்டும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அத்தான் மேலே ஏறித் திருப்புவார். டிவி உள்ளறையில் இருப்பதால் நான் கத்தினால் மேலே கேட்காது. அதனால் சங்கரி படிக்கட்டில் நிற்பாள். நான் அவளிடம் சொல்வேன், அவள் அண்ணனிடம் சொல்வாள். "வருதா?" "வரலை." "வரலையாம் அண்ணே." "இப்பம்?" "வந்துட்டுப் போயிட்டு." "வந்துட்டுப் போயிட்டாம் அண்ணே." இப்படியே காலைப் பொழுது போய்விடும். கீழே இறக்கி வைத்துவிடலாம் அத்தான் என்று நல்லபடியாகச் சொன்னேன். கெஞ்சியும் பார்த்தேன். நானே இறக்கிவிடுவேன் என்று ஒரு நாள் சத்தம் போட்டேன். மூன்றுக்கும் ஒரே சிரிப்புதான் பதில்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் எங்கள் வீட்டில் உட்கார்ந்து படம் பார்த்தாள். "காசே கட்டாண்டாமா? நல்லாருக்கே" என்றாள். "எங்க அண்ணன்தான் பாத்துப் பாத்து வாங்கி மாட்டித் தந்தாங்க" என்றாள் சங்கரி. நான் அங்கேதான் இருந்தேன், ஐயா. என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பொய் சொல்கிற முகம் இல்லை, அப்படித்தான் நடந்தது என்று அவள் நம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் கோபப்படவில்லை. காற்று மறுபடியும் டிஷ்ஷைத் திருப்பியது. அத்தான் நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றார். அன்று சாயங்காலம் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டு மேலே ஏறினேன். தண்ணீர் இருந்தது. டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று, அங்கிருந்து விளிம்பு எவ்வளவு தூரம் என்று நடந்து பார்த்தேன். சாரலில் சிமெண்ட் பாசி பிடித்திருந்தது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று நினைத்தேன், ஆனால் தேய்க்கவில்லை.

மறுநாள் காலையில் படம் சீக்கிரமே வந்துவிட்டது. அரசுத் தொலைக்காட்சியில் வாழை நடுவதைப் பற்றி ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். இலை நரம்புகூடத் தெரிந்தது. என் கை ரிமோட்டில் சத்தத்தை நிறுத்தியது. கை நிறுத்தியது என்று சொல்வது தப்பு, நான்தான் நிறுத்தினேன்.

"வந்துட்டா?" என்றாள் சங்கரி, படிக்கட்டிலிருந்து.

"வரலை."

"வரலையாம் அண்ணே."

"அவங்க டிஷ்ஷுக்கு முன்னால நிக்காங்க போலிருக்கு. ஆள் மறைக்கு. பின்னால போகச் சொல்லு" என்றேன்.

"நீங்க மறைக்கீங்களாம் அண்ணே. பின்னால போவணுமாம்."

"போயாச்சாம். இப்பம் எப்படி இருக்குன்னு கேக்காங்க" என்றாள் சங்கரி.

"இன்னும் மறைக்கு. பைய இன்னும் ஒரு எட்டு போனாப் போதும்" என்றேன்.

"பைய இன்னும் ஒரு எட்டு போனாப் போதுமாம் அண்ணே."

பைய என்றுதான், மெதுவாக என்றுதான் சொன்னேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு நாளும் நான் சொன்னதைக் கேட்டவர் இல்லை. அன்று கேட்டார், தங்கை குரலில் வந்ததால்.

அந்த விளிம்புக்கு நேர் கீழே, பக்கத்துச் சந்தில் எங்கள் துவைகல் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியும், அளந்து எழுதினீர்கள். சங்கரி அலறிக்கொண்டு ஓடினாள். படம் அசையவே இல்லை. அவர் கடைசியாகத் திருப்பி வைத்த கோணம் அவ்வளவு சரியாக இருந்தது. நான் டிவியை அணைத்துவிட்டுத்தான் எழுந்து போனேன். நீங்கள் வந்தபோது டிவி அணைந்திருந்தது. அதைப் பற்றி நீங்கள் யாரும் கேட்கவில்லை.

இதைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. சங்கரிதான் சொல்ல வைக்கிறாள். துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரிடமும், "நான்தான பின்னால போவச் சொன்னேன், என் வாயாலதான சொன்னேன்" என்று மாரில் அடித்துக்கொள்கிறாள். சோறு இறங்கவில்லை. தூங்குவதில்லை, படிக்கட்டிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறாள். வந்தவர்களும் அவளைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். நான் நாற்காலி எடுத்துப் போடுகிறேன்.

பொறுக்க முடியாமல் நேற்று அவளிடம் சொல்லிவிட்டேன். "சங்கரி, நான் சொன்னதைத்தான நீ சொன்னே. படம் வந்துட்டு. வரலைன்னு சொன்னது நான்."

அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்காவப் பழியை உங்க தலையில தூக்கிப் போடாதீங்க. உங்களுக்கு அதுக்கெல்லாம் தைரியம் கிடையாது. சும்மா இருங்க" என்றாள்.

அந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் நானாக முடிவெடுத்துச் செய்தவை இரண்டு, ஐயா. டிஷ் வாங்கியது ஒன்று. அதை அண்ணன் செய்ததாக்கிவிட்டாள். இரண்டாவதைத் தான் செய்ததாக்கிக்கொண்டு அழுகிறாள். இதையும் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. மகேஸ்வரன் என்று என் பெயரைப் போட்டு எழுதுங்கள்.

ஏன் ஐயா பேனாவை மூடுகிறீர்கள்? வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்கிறீர்களா? அவளைக் கேட்டு என்ன ஆகும்? அவளுக்குப் படம் வந்ததே தெரியாது. டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான், என்னைக் கேளுங்கள்.