முதல் முடி எடுத்தவன்

கத்தரிக்கோல் நன்றாகத்தான் இருக்கிறது, தந்தையே. போன வாரமே கொல்லனிடம் கொடுத்துத் தீட்டி வாங்கிவிட்டேன். நாளை ஒரு குழந்தைக்கு முதல் முடி எடுக்க வேண்டும். எடுப்பவன் முந்தின நாளே மடத்துக்கு வந்து பாவங்களைச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம் என்பதால் வந்தேன். முழங்கால் மடக்க முடியவில்லை. உட்கார்ந்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் முடி எடுப்பவனை நம் செர்பிய நாட்டில் என்னவாக வைத்திருக்கிறோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன்தான் அந்தப் பிள்ளைக்குக் கூம், கூம் என்றால் பெற்ற தகப்பனுக்கு ஒரு படி மேல். கூமை எதிர்த்து யாரும் வாய் திறப்பதில்லை. கூமும் தான் முடி எடுத்த பிள்ளைக்குக் கனவில்கூடக் கெடுதல் நினைக்க மாட்டான். ஒரு வீட்டுக்குக் கூமாக வாய்த்தவனே அந்த வீட்டின் அடுத்த தலைமுறைக்கும் கூம். அதை மாற்றுவதற்கு யாரும் துணிவதில்லை.

அரசரின் மூத்த மகன் தேசிமிருக்கு மூன்று வயதில் முடி எடுத்தவன் நான். அரசி காலினாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு திமிறினான், கடித்தான். இரண்டு விரலால் அவன் தாடையை மெல்லத் தூக்கினேன். அப்படியே அடங்கிவிட்டான். நான்கு பக்கமும் ஒவ்வொரு கொத்து வெட்டி, மெழுகில் ஒட்டி, அரசியின் கையில் கொடுத்தேன்.

"பெத்தவகிட்ட இவன் ஒரு நாளும் இப்படி அடங்கினதில்ல. விரல்ல என்ன மருந்து தடவியிருக்கீங்க, கூம்?" என்று சிரித்தாள். சிரித்தால் இடது புருவத்தின் மேலிருந்த சின்னத் தழும்பும் சேர்ந்து தூக்கிக்கொள்ளும். சிறுவயதில் ஆட்டுக்கொம்பு கீறியது என்பாள். மறு வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நம் அரச வம்சத்தைப் பற்றி மடத்துச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. வம்சத்தின் முதல்வர் மணிமுடியைத் துறந்து துறவியானார், அவர் கல்லறையில் வாசம் வருகிறது என்று மக்கள் வந்து விழுந்து கும்பிடுகிறார்கள். சுவரில் எழுதாததும் ஒன்று உண்டு. தகப்பன் உயிரோடு இருக்கும்போதே மகன் அரச நாற்காலியை ஆசையோடு பார்க்காத தலைமுறை அந்த வம்சத்தில் இல்லை. தேசிமிரும் பார்த்தான். கடலோரச் சீமைப் பிரபுக்கள் அவனுக்குத் தூபம் போட்டார்கள். இருபத்திரண்டு வயது, போட்ட தூபமெல்லாம் தலைக்கேறிவிட்டது. தகப்பன்மேல் படை எடுத்துத் தோற்றுப்போய் ஒரு மலைக்கோட்டையில் ஒதுங்கினான். யார் போய்க் கூப்பிட்டும் இறங்கவில்லை. நான் போய், ரொட்டியைப் பிட்டுக் கொடுத்து, உன் உயிருக்கு நான் பொறுப்பு என்றேன். இறங்கி வந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் அரசர் என்னைத் தனியாக அழைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சபையில தலையைக் கேக்குறானுங்க. கண்ண மட்டும் எடுத்துட்டு உயிரோட விட்டுடலாம்னு பேசி முடிச்சிருக்கேன். கண்ணில்லாதவன நாற்காலியில உக்கார வைக்க முடியாதில்ல, அதனால ஒத்துக்கிட்டானுங்க. நீயே செஞ்சிடு, ராதோன்யா. வேற எவன் கையும் அவன்மேல படக் கூடாது."

எதற்கு என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீங்களும் நானும் இப்போது இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

காவலர்களை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனேன். இரும்பு பழுத்திருந்தது. அவன் தாடையைத் தூக்கினேன். அவன் அடங்கினான். இரும்பைத் தள்ளிப் பிடித்தேன், தந்தையே. புருவம் கருகியது, இமை கொப்பளித்தது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"கத்துடா. வெளியில கேக்கணும்" என்றேன் காதோடு.

தொண்டை கிழியக் கத்தினான். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "போதுமா கூம், இன்னும் கொஞ்சம் கத்தணுமா?" என்று கேட்டான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

அவனையும் அவன் மகள் ஸ்மில்யாவையும் என் பொறுப்பிலேயே விட்டார் அரசர். அவன் மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். பல வருஷம் என் வீட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு இருந்தான். மெல்லிய துணி, அதன் வழியே எல்லாம் தெரியும். தடுமாறவும் சுவரைத் தடவவும் நன்றாகப் பழகிக்கொண்டான். மகளுக்குக்கூடத் தெரியாது. ஜன்னலைச் சாத்திவிட்டு நானும் அவனும் பலகை போட்டு ஒன்பது காய் ஆடுவோம். நான் ஒரு காயை மெதுவாக நகர்த்தினால் போதும், "குருடன ஏமாத்துனா கை அழுகிடும், கூம்" என்பான். என் சொந்தப் பிள்ளைகளோடு அவ்வளவு சிரித்ததில்லை. அது ஏனோ இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அரசர் புதிதாக ஒரு கோயில் கட்டினார். முன்மண்டபச் சுவரில் வம்சம் முழுவதையும் ஒரே திராட்சைக் கொடியாக வரையச் சொன்னார். அடியில் முதல்வர், கொடி மேலே ஏற ஏற மன்னர்கள், அரசிகள், பிள்ளைகள். காலினாவின் முகம் எப்படி இருக்கும் என்று ஓவியர் என்னிடம் வந்து கேட்டார். நானும் ஆசையாகச் சொன்னேன். கன்னம், மூக்கு, இடது புருவத்தின் மேல் அந்தத் தழும்பு. அதை விட்டுவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னேன்.

கோயில் அர்ச்சிக்கப்பட்ட நாளில் தேசிமிரைக் கைபிடித்துக் கூட்டிப்போனேன். எல்லோரும் பீடத்தைப் பார்த்து நின்றார்கள். அவன் மட்டும் கொடியின் முன்னால் நின்றுவிட்டான். இழுத்தேன், வரவில்லை. பிறகு சுவரருகே போய், கையை நீட்டி, ஒரு விரலை அம்மாவின் இடது புருவத்தின் மேல் வைத்தான். நேராக அந்தத் தழும்பின் மேல். தடவவில்லை, தேடவில்லை. சுண்ணாம்புச் சுவர் மழமழவென்று இருக்கும், தந்தையே. தழும்பு வெறும் சாயம். கண்ணில்லாத கை அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

சட்டென்று அவன் கையை இறக்கிவிட்டேன். சுற்றிப் பார்த்தேன். யாரும் திரும்பவில்லை என்று நினைத்தேன். பூசை முடிந்து வெளியே வரும்போது அரசர் என்னருகே நின்றார். என் தோளில் கை வைத்தார். எதுவும் சொல்லவில்லை, லேசாகச் சிரித்தார். அவர் யார் தோளிலும் கை வைக்கிறவர் இல்லை.

அந்தக் கையின் கனம் வீடு வந்து சேரும்வரை என் தோளில் இருந்தது. அரசர் பார்த்துவிட்டார், நான் ஏமாற்றியது தெரிந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். எனக்குக் கண் போகும், பிள்ளைகளுக்கு நிலம் போகும். அதைவிட, தேசிமிருக்குப் பார்வை இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் கடலோரப் பிரபுக்கள் மறுபடியும் கிளம்புவார்கள், நாடு இரண்டாகும், அவனை இந்தமுறை கொன்றே போடுவார்கள். யோசிக்க யோசிக்க எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றது. அவன் நன்மைக்காகத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்போது அது நியாயமாகத்தான் இருந்தது.

திராட்சை அறுவடை நடந்துகொண்டிருந்தது. வீட்டில் ஆள் கிடையாது, ஸ்மில்யாவும் பெண்களோடு தோட்டத்தில் பாடிக்கொண்டிருந்தாள். வெள்ளிச் சுரங்கத்திலிருந்து இரண்டு சாக்சன் நாட்டு ஆட்களை வரவழைத்திருந்தேன். நம் பேச்சு அவர்களுக்குப் புரியாது. பட்டப்பகல். திராட்சை மிதிக்கும் கொட்டகையில் தேசிமிர் தனியாக உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தான். பின்னாலிருந்து அவன் தலையில் கனத்த துணியைப் போட்டுப் பிடித்துக்கொண்டார்கள். ஆள் பலசாலி, இரண்டு பேரையும் சேர்த்து உலுக்கினான். "கூம்! கூம்!" என்று என்னைத்தான் கூப்பிட்டான். நான் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். அவர்களால் அவனை அடக்க முடியவில்லை. துணியைக் கண்ணுக்கு மட்டும் விலக்க வேண்டியிருந்தது. நான் பின்பக்கமாக வந்து நின்றுகொண்டு, பழக்கதோஷத்தில், இரண்டு விரலால் தாடையைத் தூக்கினேன்.

அடங்கிவிட்டான். கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டான். பயத்தில் மயங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தமுறை இரும்பைத் தள்ளிப் பிடிக்கவில்லை. அவன் கத்தவும் இல்லை.

எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை, தந்தையே. அதைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் நாக்கு எழவில்லை. முதல் தடவைக்கு அரசர் உண்டு, சபை உண்டு. இரண்டாவது முழுக்க முழுக்க என்னுடையது. வெட்கமாக இருக்கிறது. கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீரில் முகம் கழுவக்கூட வெட்கமாக இருக்கிறது.

தோட்டத்திலிருந்து அப்போதுதான் ஓடிவந்தவன்போல வந்து அவனை மடியில் கிடத்தினேன். அரசரின் ஆட்கள் வந்து செய்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றேன். அவன் முகத்தை என் பக்கமாகத் திருப்பி, "நீங்க இருந்திருந்தா விட்டிருக்க மாட்டீங்க, கூம்" என்றான். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவன் ஒன்பது காய் ஆடக் கூப்பிடவில்லை. ஸ்மில்யாவுக்குக் கல்யாணம் ஆனபோது, தலைத்துணி என்ன நிறம் என்று என்னிடம்தான் கேட்டான். சிவப்பு என்றேன்.

போன குளிர்காலத்தில் அரசர் படுக்கையில் விழுந்தார். எங்கள் இருவரையும் அழைத்தார். அறையில் வேறு யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. அவருக்கே பார்வை மங்கியிருந்தது, எதிரில் இருப்பது ஆள் என்று தெரியும், முகம் தெரியாது.

"உன்னை ஏன் அனுப்பினேன் தெரியுமா, ராதோன்யா? வேற எவனை அனுப்பியிருந்தாலும் செஞ்சிருப்பான். கூம் செய்ய மாட்டான்னு எனக்குத் தெரியும். சபைக்கு ஒரு சத்தம் கேட்டாப் போதும்னு இருந்தேன்" என்றார். மூச்சு வாங்கியது. "ஆனாலும் உள்ளுக்குள்ள ஒரு பயம். கோயில்ல இவன் காலினாவோட தழும்பைத் தொட்டான் பாரு, அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன். உனக்கு நன்றி சொல்ல வாய் வரல. தோளத் தொட்டுட்டுப் போயிட்டேன்."

தேசிமிர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவன் கை என் முழங்கைமேல் இருந்தது. அந்தக் கையை அவன் எடுத்துக்கொண்டான்.

"இனிமே யாருக்குப் பயப்படணும்? கண்ணுக் கட்ட அவுத்துட்டு ஒரு தடவ என்னப் பாருடா" என்றார் அரசர்.

தேசிமிர் தானாகவே குரல் வந்த திசைக்கு நடந்தான். கட்டிலில் முட்டிக்கொண்டு மண்டியிட்டான். துணியை அவிழ்த்து, முகத்தை அவர் முகத்துக்கு நேரே வைத்தான்.

"பாக்குறேம்பா. தாடி முழுக்க வெளுத்துப்போச்சு. அந்தக் கோணமூக்கு மட்டும் அப்படியே இருக்கு."

அரசர் இருமும்வரை சிரித்தார். மகனின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டார். "நல்ல கூம் கெடச்சான் உனக்கு" என்றார். விடிவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. மணிமுடி இளைய மகனுக்குப் போனது. தேசிமிர் அதைக் கேட்கவும் இல்லை.

வீடு திரும்பும்போது வழியெல்லாம் காத்திருந்தேன். அரசர் உத்தரவு போடவில்லை என்றால் அன்று வந்தது யார் ஆட்கள் என்று அவன் கேட்பான் என்று. கேட்டால் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன், சத்தியமாக. அவன் கேட்கவில்லை. தகப்பன் போன துக்கத்தில் அதெல்லாம் மனதில் ஏறியிருக்காது. மறு வாரமே ஸ்மில்யாவின் மாமியார் வீட்டோடு போய்விட்டான். பேரன் பிறக்கப்போகிறான், பக்கத்தில் இருக்க ஆசை.

அந்தப் பேரனுக்குத்தான் நாளை முடி. பிறந்து சில மாதம்தான் ஆகிறது, இவ்வளவு சீக்கிரம் ஏன் என்று கேட்டேன். தன் காலத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்று தேசிமிருக்கு அவசரமாம். பார்த்துவிட வேண்டும் என்ற சொல்லைத்தான் அவன் சொன்னானாம்.

இன்று காலை ஸ்மில்யாவே நேரில் வந்து அழைத்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "அப்பா ஒண்ணு சொல்லச் சொன்னாரு. முடிய நீங்கதான் எடுக்கணுமாம், அது உங்க உரிமை, அத யாரும் மாத்த முடியாதாம். குழந்தைய அவர் மடியில வச்சுக்குவாராம். தாடைய மட்டும் அவரே தூக்கிப் பிடிச்சுக்குவாராம். நீங்க தொட வேண்டாம்னாரு."

சரி என்று சொல்லி அனுப்பினேன். கண் இல்லாதவன், விரலாலாவது பேரன் முகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

முடி எடுத்து முடிந்ததும் அவனைத் தனியே கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். முன்னால் சொன்னால் சடங்கு கெட்டுப்போகும், குழந்தைக்கு ஆகாது. அதை எப்படி எடுத்துச் சொல்வது என்பதுதான் புரியவில்லை, நீங்கள்தான் ஒரு வழி காட்ட வேண்டும். திடீரென்று கேட்டால் தாங்க மாட்டான். பாவம், அவனுக்கு இன்னும் எதுவுமே தெரியாது, தந்தையே.