நூறு எம்எம் பத்தலையாம்

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பிய சாயங்கால ரயில். எதிர் சீட்டில், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் யூனிஃபார்மோடு இரண்டு பேர். ஒருவர் மணிக்கட்டை நீவிக்கொண்டே இருந்தார்.

“சைக்கிள் முன் ஷாக்கு நூறு எம்எம் எறங்குறது பத்தல மச்சான். நூத்தியிருபது போட்றலாம்னு கீறேன். புதுவாயல் ரோட்டு பள்ளத்துல கை வுட்டுப்போவுது.”

“நூறே தாராளம்டா. ஷாக்கு எறங்காம புடிக்கிற லாக்கு ஒண்ணு கீதே, அத தொறந்துகினுதான ஓட்ற?”

“இல்ல, வாங்குன நாள்லேந்து பூட்டித்தான் வெச்சிகீறேன். தொறந்தா ஸ்பிரிங்கு தேஞ்சிடும்ல?”

கூட இருந்தவர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“ரெண்டு வருசமா அது ஒரு தபாகூட எறங்கலயா?”

“எறங்கல. புதுசு மாரியே கீது.”

“ஷாக்கு தேயக்கூடாது. கை தேயலாமா?”

“கை பிரஸ்லயே தேஞ்சிப்போச்சிடா. ஷாக்காவது இருக்கட்டும்.”