அஞ்சாவது ஆள்

ஹலோ... யாரு?... புட்டக்காவா! எந்த முகத்தை வச்சுக்கிட்டு எனக்குப் போன் பண்றே? கூடப் பொறந்த தம்பியையே கொள்ளைக்காரன்னு எழுதிக் கொடுத்துட்டாரு உன் புருஷன். பதினோரு நாளாச்சு, எங்க வீட்டுக்காரர் உள்ளே போயி...

ஆமா... ஆமா, தோட்டம் பாகப்பிரிவினைக் கேஸ்ல இருக்கு. எட்டு வருஷமா இருக்கு. அதுக்காகப் பாக்கு பழுக்காம காத்துக்கிட்டு நிக்குமா?... போன வருஷம் நீங்க அறுத்தீங்களே, நாங்க ஸ்டேஷனுக்கு ஓடினப்போ என்ன சொன்னாங்க? "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க." இந்த வருஷம் நாங்க அறுத்தா மட்டும் கொள்ளையா?...

குலை அறுக்கறவன் கையில அரிவாள் இல்லாம பூங்கொத்தா இருக்கும்? பாவா, அதான் உன் புருஷன், வழியை மறிச்சாரு, இவரு தள்ளிவிட்டாரு... சரி. தள்ளினது தப்புதான்.

கூட்டம் சேர்த்தோமா? அது முய்யாளு, அக்கா! கூலியில்லாத கைமாத்து வேலை. இன்னைக்கு நம்ம தோட்டத்துக்கு அவங்க, நாளைக்கு அவங்க தோட்டத்துக்கு நாம. திம்மப்பா, கெஞ்சப்பா, நாகேஷ்... மூணு பேரும் உங்க நடவுக்கு வந்தவங்கதானே? அவங்க பொண்டாட்டிங்க என் வாசல்ல வந்து அழறாங்க.

உன் கால்ல விழறேன் அக்கா. புகாரை வாபஸ் வாங்கச் சொல்லு... என்னது? வாங்கப் போனாரா? பாவாவேவா?... ம்... ம்... அஞ்சு பேர் சேர்ந்தா கூட்டுக் கொள்ளையா? புகார் கொடுத்தவரே வேண்டாம்னாலும் விட முடியாதா?... ரத்து பண்ணணும்னா பெங்களூரு ஹை கோர்ட்டுக்கா! யாரு போறது...

பாக்கா? ஸ்டேஷன் முற்றத்துல மூட்டையா கிடக்கு. உரிக்காம எத்தனை நாள் தாங்கும்? நாறிப்போச்சு. உனக்கும் இல்லே, எனக்கும் இல்லே.

இரு... இரு அக்கா. அஞ்சு பேரா? இவரு, அந்த மூணு பேரு... நாலுதானே?... "அடையாளம் தெரியாத ஒரு ஆள்"னா?

ஓ.

அது நான்தானே. கீழே உதிர்ந்ததைப் பொறுக்கிக்கிட்டிருந்தேன். பாவா என்னை நேருக்கு நேர் பார்த்தாரே... எங்க குழந்தைக்காகப் பேரைச் சொல்லலையா?... அழாதே அக்கா. விஷயத்தைச் சொல்லு... யாருன்னு காட்டலைன்னா பொய்ப் புகார்னு அவர்மேலேயே கேஸ் போடுவாங்களாமா?... ம்.

சொல்லிட்டாரு.

போலீஸ் எப்போ கிளம்பினாங்க?

நான் எங்கே ஓடுறது? பயமா இருக்கு அக்கா... கேளு, கேளு. என் பொண்ணு சிஞ்சனா ஸ்கூல் விட்டு நாலரை பஸ்ல வந்து இறங்குவா. நீயே போய் நில்லு. உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. முன்னெல்லாம் பெரியப்பா மடியில உட்கார்ந்தாத்தான் சோறு திங்கும் அது... முய்யாளுன்னு வச்சுக்கோ. வந்து திருப்பிச் செய்றேன்... எப்போ வருவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?

ஆமா. ஜீப்புதான். கேட்டைத் திறக்கறாங்க... தோட்டத்தை நீங்களே வச்சுக்கோங்க அக்கா. நாலரை பஸ், மறந்துடா—